கொழும்புக்குப் போன தண்ணீர்

காளியாயியை நான் அன்று திட்டியிருக்கக் கூடாது. ஆனால் திட்டிவிட்டேன். தோட்டத்து டிஸ்பென்சரியில் பதினோரு வருஷம் உட்கார்ந்தவனுக்கு வைத்தியம் வருகிறதோ இல்லையோ, வாய் வந்துவிடுகிறது. என் பெயர் லியனார்ட். மருந்து கலந்து கொடுக்கும் டிஸ்பென்சர்தான். லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் சனங்கள் டாக்டரய்யா என்பார்கள். நானும் ஒரு நாள்கூட அதைத் திருத்தியதில்லை.

ஐம்பத்தைந்தாம் வருஷம், ஆனி மாதம். பூண்டுலோயாவுக்கு மேலே ஆறு மைல் ஏறினால் எங்கள் தோட்டம். மழை பிடித்துக்கொண்டு மூன்று நாளாக விடவில்லை. காளியாயி தலையோடு கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்து ஏழு மாதப் பிள்ளையை என் மேசையில் கிடத்தினாள். அவள் புருசன் மண்சரிவில் போனபோது அந்தப் பிள்ளை வயிற்றில் நாலு மாதம். பிறகு அப்பன் பழனியாண்டியின் ஒற்றை அறைக் காம்பராவுக்கே வந்துவிட்டாள். அவளுக்கென்று மிச்சம் இருந்தது அந்தப் பெண் பிள்ளை ஒன்றுதான். பெயர் சண்முகவடிவு. உடம்பைவிடப் பெயர் பெரிதாக இருந்தது.

"பாலே குடிக்க மாட்டேங்குதுங்க ஐயா. வாயில வச்சா துப்புது. நேத்துலருந்து ஒண்ணும் எறங்கல."

தாய்ப்பால் மூன்றாம் மாதமே வற்றிப்போனதால் மாவுப்பால் கரைத்துத்தான் கொடுத்தாள். எனக்கு உடனே தெரிந்துவிட்டது. எனக்கு எப்போதும் உடனே தெரிந்துவிடும்.

"புட்டிய ஒழுங்காக் கழுவுறியா? காலையில கரைச்சத அந்தியிலயும் குடுத்தா துப்பாம என்ன செய்யும்? எத்தனை தடவ சொல்றது உங்களுக்கு?"

நான் வயிற்று மருந்து ஒரு கரண்டி எடுத்துப் பிள்ளையின் வாயில் விட்டேன். பெரியவர்களே முகத்தைச் சுளிக்கும் மருந்து. சண்முகவடிவு அதைச் சப்புக்கொட்டிக் குடித்துவிட்டு, இன்னும் வேண்டும் என்பதுபோல வாயைத் திறந்தாள்.

"மருந்தக் குடிக்குதுங்களே" என்றாள் காளியாயி, மெதுவாக. "பாலத்தான் துப்புது. உங்க மருந்து உங்க கொழாத் தண்ணியில கலக்குறது. எங்க தண்ணி நாறுதுங்க ஐயா."

அதை நான் யோசித்திருக்க வேண்டும். அதற்குத்தான் சம்பளம் வாங்குகிறவன் நான். அவள் வெளியே போய், வாசலில் வைத்திருந்த செம்பை எடுத்து வந்து நீட்டினாள். எப்படியும் நான் நம்பமாட்டேன் என்று தெரிந்து, கையோடு கொண்டுவந்திருக்கிறாள். ஒரு வாய் குடித்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. விழுங்கிய பிறகுதான் தொண்டையின் அடியிலிருந்து கிளம்பியது. நனைந்து மக்கிய சாக்கில் மண்ணெண்ணெய் ஊற்றியது போல ஒரு வாடை. ஜன்னலுக்கு வெளியே காறித் துப்பினேன்.

"எத்தனை நாளா இப்படி?"

"மூணு மாசமா இருக்குங்க."

"ஏன் சொல்லல?"

"கங்காணிகிட்ட சொன்னோமுங்க. தொட்டியில எலி செத்துக் கெடக்கும்னு ரெண்டு தடவ சுண்ணாம்பு போட்டாங்க. ரெண்டு நாளைக்கு நல்லா இருக்கும். மழை பேஞ்சா மறுபடியும் அதே நாத்தம். அப்பல்லாம் பாப்பா பாலத் துப்பிரும்."

மூன்று மாதம். எங்கள் குவார்ட்டர்சுக்கும் லயத்துக்கும் அரை மைல்தான். ஆனால் எங்களுக்குத் தண்ணீர் துரை பங்களாவுக்கு மேலே இருக்கும் ஊற்றிலிருந்து வருகிறது, லயங்களுக்கு வேறு தொட்டி. லயத்துக்கு நோயாளியைப் பார்க்கப் போனால் தேத்தண்ணி கொடுப்பார்கள். 'இப்பத்தான் குடிச்சேன்' என்று சொல்லிவிடுவது எங்கள் உத்தியோகத்தார் பழக்கம். அந்த ஒரு பழக்கத்தால் மூன்று மாதம் எனக்குத் தெரியாமலே போயிற்று. வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்தால் எனக்குச் சுறுசுறுப்பும் வந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை என் மனைவி டோரீனைத் தனியாகக் கோயிலுக்கு அனுப்பிவிட்டு லயத்துக்குப் போனேன். நாற்பத்தெட்டுக் காம்பரா. ஒவ்வொரு வாசலிலும் நின்று தண்ணீர் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். ஒருத்தி மூட்டைப்பூச்சியை நசுக்கிய மாதிரி என்றாள். அவள் ஓரகத்தி அதெல்லாம் இல்லை, பழைய சாக்கு என்றாள். கிழவர் சோலைமலை வெற்றிலையை அதக்கிக்கொண்டு, "தண்ணின்னா தண்ணி மாதிரித்தானே இருக்கும்" என்றார். பாதிப் பேர் இப்போது நாற்றமே இல்லை என்றார்கள். எரிச்சலாக வந்தது. அப்புறம் டயகமப் பக்கமிருந்து மூன்று நாள் முன்பு கலியாணம் கட்டி வந்த ஒரு பெண், கேள்வியை முடிப்பதற்கு முன்பே, "கொமட்டுதுங்க" என்றாள். புகுந்த வீட்டார் அவளை முறைத்தார்கள். எனக்கு விளங்கிவிட்டது. வெற்றிலை போடுகிறவர்களின் நாக்கு செத்திருக்கிறது. மற்றவர்களுடைய நாக்கு மூன்று மாதத்தில் பழகிவிட்டிருக்கிறது. பழகாத நாக்கு இந்த லயத்தில் இரண்டே இரண்டு. ஒன்று இந்தப் பெண்ணுடையது, மற்றது சண்முகவடிவினுடையது.

ஐந்து போத்தல்களில் தண்ணீர் எடுத்தேன். காளியாயி வீட்டுக் குடத்தில் ஒன்று, கடைசி லயத்தில் ஒரு வீட்டில் ஒன்று, எல்லாரும் தண்ணீர் பிடிக்கும் பீலிக் குழாயில் ஒன்று, மேலே தொட்டியில் ஒன்று, எங்கள் வீட்டுக் குழாயில் ஒன்று. எண் மட்டும் ஒட்டி, சுடுதண்ணீர்ச் சட்டியில் நிறுத்தினேன். லேசாகச் சூடு ஏறினால் வாடை எழும்பும். கோயிலிலிருந்து வந்த டோரீனிடம் எது எதுவென்று சொல்லாமல் முகர்ந்து பார்க்கச் சொன்னேன். என்னைவிட அவளுக்கு மூக்கு கூர்மை. "ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமா இந்த வேல எனக்கு வேணுமா" என்று முனகிக்கொண்டே, எங்கள் குழாய்த் தண்ணீரை மட்டும் இந்தப் பக்கம் வைத்தாள், மற்ற நான்கையும் அந்தப் பக்கம் தள்ளினாள். அதிலும் தொட்டித் தண்ணீரிடம் வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு, "இதுதான் ரொம்ப மோசம்" என்றாள்.

ஆக, குடத்தில் குற்றமில்லை. புட்டியில் குற்றமில்லை. காளியாயியை நான் திட்டியதுதான் குற்றம். தொட்டிக்கு மேலே ஏறினேன். அந்தத் தொட்டிக்குத் தண்ணீர் வரும் ஊற்றுக்கு அறுபது கெஜம் மேலே, போன மாசியில் போட்ட தகரக் கொட்டகை இருந்தது. தேயிலைக்குப் புதிதாக வந்த பூச்சி மருந்தை அங்கேதான் கலக்குகிறார்கள். வேலை முடிந்ததும் பீப்பாய்களையும் பம்புகளையும் வாசலிலேயே கழுவி ஊற்றுகிறார்கள். அந்த இடத்தில் புல் கருகிக் கிடந்தது. மழைத் தண்ணீர் அந்த மண்ணை நனைத்துக்கொண்டு வடிகால் கான் வழியாக நேரே ஊற்றுக்கு இறங்கியது. குனிந்து ஒரு கை மண்ணை அள்ளி முகர்ந்தேன். அதே வாடை.

துரை நான் சொன்னதைக் குறுக்கே பேசாமல் கேட்டார். அவர் கெட்ட மனுசன் என்று சொல்லமாட்டேன். சொல்ல முடிந்தால் எனக்கும் கொஞ்சம் நிம்மதியாக இருக்கும். கொட்டகையை இடம் மாற்றி, பங்களா ஊற்றிலிருந்து லயங்களுக்குக் குழாய் இழுப்பது பெரிய வேலை, கொழும்பிலிருக்கும் கம்பெனி ஏஜெண்டுமார் காரணம் கேட்பார்கள், உன் மூக்கையா காட்ட முடியும் என்றார். பிறகு ஒரு ஒப்பந்தம் சொன்னார். ஒரு போத்தல் தண்ணீரை அரசாங்கப் பரிசோதனைக்கு அனுப்பலாம், அதற்குரிய விண்ணப்பப் பாரத்தில் அவரே கையெழுத்து வைப்பார். கெட்ட தண்ணீர் என்று அறிக்கை வந்தால் அந்த வாரமே வேலை தொடங்கும். நல்ல தண்ணீர் என்று வந்தால் இந்தப் பேச்சை இனி ஒருவரும் எடுக்கக் கூடாது. நான் சந்தோஷமாகத் தலையாட்டினேன். அந்தத் தண்ணீர் நல்லது என்று எந்த மடையன் எழுதுவான்?

அதுவரைக்கும் பெண்கள் விடிகாலையில் பங்களா ஊற்றுக்கு ஏறிக் குடிதண்ணீர் எடுத்துவர ஆரம்பித்தார்கள். துரை பார்த்தும் பார்க்காதவர்போல இருந்தார். காளியாயி ஒரு குடம் கொண்டுவந்து, பிள்ளைக்கென்று மூடி வைத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் வேலைக்குப் பெயர் பதியும் பெரட்டுக்கு ஓடுவாள். சண்முகவடிவு பால் குடித்தாள். ஒரே வாரத்தில் கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்தது. காளியாயி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து தராசில் வைக்கச் சொல்லி என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அது ஒரு தடவைதான்.

புதன்கிழமை மழை விட்டதும் தொட்டிக்குப் போய், பாரத்தில் சொல்லியிருந்தபடி போத்தலை அதே தண்ணீரில் மூன்று தடவை அலம்பி நிரப்பினேன். கண்ணாடி மூடியைத் திருகித் துணியால் கட்டினேன். கட்டின்மேல் அரக்கு முத்திரை வைக்க வேண்டும் என்றும் போட்டிருந்தது. ஆபீசில் அரக்கு தீர்ந்துபோயிருந்தது. அதற்காக இன்னும் ஒரு வாரமா காத்திருப்பது என்று விட்டுவிட்டேன். நானே டவுனுக்குப் போயிருக்கலாம். மேட்டு லயத்தில் எட்டுப் பிள்ளைகளுக்குச் சின்னமுத்து அம்மை. அவ்வளவு பேரும் வாசலில் அழுதுகொண்டிருந்தார்கள்.

தப்பால் பை கொண்டுபோகிறவன் பழனியாண்டிதான். காளியாயியின் அப்பன். கவ்வாத்துக் கத்தி காலில் பட்டு நொண்டியான பிறகு அவனுக்கு அந்த வேலையைக் கொடுத்திருந்தார்கள். ஒன்பது வருஷத்தில் ஒரு கடிதம் தொலைத்ததில்லை. மழை நாளில் தான் நனைந்து பையைக் கம்பளியில் சுற்றிக் கொண்டுபோகிறவன். அவனைக் கூப்பிட்டுப் போத்தலையும் நான் எழுதிய கடிதத்தையும் கொடுத்தேன்.

"பத்திரம் பழனியாண்டி. டவுன்ல சுகாதார ஆபீசுல குடு. இது ஒடைஞ்சா எல்லாம் போச்சு."

"இது எதுக்குங்க ஐயா?"

"கொழும்புக்குப் போகுது. அங்க பெரிய பெரிய டாக்டருங்க குடிச்சுப் பாத்துட்டுத் தண்ணி எப்படின்னு எழுதுவாங்க."

"அவங்களே குடிப்பாங்களா?"

"குடிப்பாங்க, குடிப்பாங்க. நீ கெளம்பு, பஸ் போயிரும்."

குடிக்கமாட்டார்கள், கண்ணாடிக் குழாயில் ஊற்றிச் சோதிப்பார்கள், நாற்றம் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுக்கு நமக்கு நல்லது என்று அவனுக்குச் சொல்ல ஒரு நிமிஷம் போதும். அந்த ஒரு நிமிஷம் என்னிடம் இருந்தது. பழனியாண்டிக்கு இவ்வளவு தெரிந்தால் போதும் என்று நினைத்தேன்.

ஐந்து வாரம் கழித்து அறிக்கை வந்தது. அதையும் பழனியாண்டிதான் பையில் கொண்டுவந்து ஆபீசில் கொடுத்திருக்கிறான். மறுநாள் காலைப் பெரட்டில் எல்லாரையும் நிறுத்திவைத்து, துரை ஆங்கிலத்தில் படிக்க, பெரிய கிளாக்கர் தமிழில் சொன்னார். நிறம் இல்லை. வாடை இல்லை. நஞ்சு கலப்பு இல்லை. குடிக்க மிகவும் ஏற்ற தண்ணீர். துரை என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. இன்று முதல் லயத்துப் பெண்கள் பங்களா ஊற்றுப் பக்கம் போகக் கூடாது, பெரட்டுக்குப் பிந்துகிறார்கள், அங்கே காவல் போடப்படும் என்று கிளாக்கர் கடைசியாகச் சொன்னார். கொழும்பிலிருந்து வந்த கடுதாசி சொல்கிறது. அதை எதிர்த்துப் பேச யாரிடம் என்ன இருக்கிறது? தங்கள் நாக்கையே அவர்கள் சந்தேகப்பட்டது முகத்தில் தெரிந்தது.

அன்று முழுக்க நான் பைத்தியக்காரனாக அலைந்தேன். அறிக்கையை வாங்கி நாலு தடவை படித்தேன். துரை ஆள் வைத்து மாற்றிவிட்டாரா? வழியில் வாடை பறந்துபோயிற்றா? மறுபடி தொட்டிக்கு ஏறி ஒரு வாய் குடித்தேன். வாந்தி வந்தது. சாயந்தரம், போத்தல் வழியில் எங்கேயாவது திறந்து கிடந்ததா என்று கேட்டுவிடலாம் என்று பழனியாண்டியின் காம்பராவுக்குப் போனேன்.

அவன் காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தான். காளியாயி அடுப்படியில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, காலையில் கொண்டுவந்த கடைசிக் குடத்திலிருந்து பால் கரைத்துக்கொண்டிருந்தாள்.

"போத்தலு பத்திரமாப் போயிருச்சுங்க ஐயா. ஆபீசுல ஒரு ஐயா சிரிச்ச மொகமா வாங்கி வச்சாரு" என்றான் பழனியாண்டி. பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, என்னிடம் ஒரு நல்ல சேதி சொல்கிறவனாகச் சொன்னான். "நீங்க அவசரத்துல தொட்டித் தண்ணியப் புடிச்சிட்டீங்க. நான் அத அப்படியே குடுக்கலைங்க."

"என்ன செஞ்ச?"

"கொழும்பு டாக்டருமாரு குடிக்கிற தண்ணிங்களே! அந்த நாத்தம் புடிச்சதக் குடுக்கலாமா? நம்மளப் பத்தி என்ன நெனப்பாங்க? கான்ல கொட்டிட்டு, நல்லாக் கழுவி, பாப்பாவுக்குக் காளியாயி கொண்டாந்து வச்சிருந்துச்சே பங்களா ஊத்துத் தண்ணி, அத ஊத்தி அதே மாதிரிக் கட்டிக் கொண்டு போனேன். பாப்பாவுக்கு அன்னைக்கு ஒரு வேளப் பால் கொறஞ்சிச்சு. பரவால்லைங்க."

நான் இடைமறிக்கக் கை தூக்கினேன். அவன் நிறுத்தவில்லை.

"இந்த நாட்டுப் பிரசாவுரிமைக்கு எழுதிப் போட்டுட்டு வெறுங்கையோட போயி நின்னேன், ஞாபகம் இருக்குங்களா? என்னா ஆச்சு? திருப்பி அனுப்பிட்டாங்க. ஒரு சீப்பு வாழப்பழமாச்சும் கொண்டு போயிருக்கணும். கஷ்டத்த எல்லாம் நீங்கதான் கடுதாசியில எழுதிட்டீங்களே. போத்தலு நம்ம மரியாதைக்கு. ஆனா பாருங்க, கடுதாசிய அவங்க படிக்கவே இல்ல போல."

அவனை அறைய வேண்டும் என்று கை வந்தது, சத்தியமாக வந்தது. நாற்பத்தெட்டுக் காம்பராவின் ஒரே வாய்ப்பைக் கானில் கொட்டிவிட்டு, மரியாதை என்கிறானே! வாயைத் திறந்தேன். அப்போது காளியாயியைப் பார்த்தேன். அவள் கரண்டியைக் கையில் பிடித்தபடி அசையாமல் இருந்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது. பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவள், அப்பன் சொல்லி முடிப்பதற்குள் விளங்கிக்கொண்டாள். தலையை மெல்ல, வேண்டாம் என்று ஆட்டினாள்.

நான் "சரி பழனியாண்டி" என்று எழுந்து வந்துவிட்டேன். அவள் பிள்ளையோடு வாசலுக்கு வந்தாள்.

"அப்பாகிட்ட சொல்லிறாதீங்க ஐயா. தெரிஞ்சா அது உசுர வச்சுக்காது" என்றாள். அழவும் இல்லை.

மறுநாள் துரையிடம் போனேன். போத்தலில் தவறுதலாக வேறு தண்ணீர் போய்விட்டது, இன்னொரு பாரத்தில் கையெழுத்து வேண்டும் என்றேன்.

"யார் மாற்றியது?"

பெயரைச் சொன்னால் அன்று சாயந்தரமே பழனியாண்டி வேலையும் காம்பராவும் போய் ரோட்டில் நிற்பான், நொண்டிக் காலும் விதவை மகளும் பாலுக்கு அழும் பிள்ளையுமாக. எந்த நாட்டுக்காரன் என்று சொல்ல ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லாதவன்.

"நான்தான்" என்றேன்.

துரை நாற்காலியில் சாய்ந்துகொண்டார். முதலில் தண்ணீர் கெட்டது என்றாய், இப்போது அறிக்கை கெட்டது என்கிறாய் என்றார். ஒரு போத்தல் என்றுதான் பேச்சு, அறிக்கையின் பிரதி கொழும்பு ஏஜெண்டுமாருக்குப் போய்விட்டது, அது முடிந்த விஷயம். அவருடைய கையெழுத்தில்லாமல் சுகாதார ஆபீஸ் எந்தப் போத்தலையும் வாங்காது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். சங்கத்துத் தலைவர் வீரய்யா என்னைத் தேடி வந்து, "இதுல ஏதோ சூது இருக்குங்க, உங்களுக்கு ஏதாச்சும் தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். ஒரு பொய்யைத் துரையிடம், இன்னொன்றைத் தலைவரிடம். இரண்டும் ஒன்றுக்கும் உதவவில்லை.

அதற்குப் பிறகு நான் செய்ததைக் கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரும். எங்கள் குழாய்த் தண்ணீரை ஆறு அவுன்ஸ் மருந்துப் போத்தலில் அடைத்து, 'சண்முகவடிவு, வயிற்று மருந்து' என்று எழுதிக் காளியாயியிடம் கொடுத்தேன். ஒரு நாளைக்கு இரண்டு போத்தல். மருந்து ரெஜிஸ்டரைப் பெரிய கிளாக்கர் வாரா வாரம் பார்ப்பார். அதற்கு மேல் கொடுத்தால் கேள்வி வரும். டோரீன் ஒரு குடத்தையே தூக்கிக்கொண்டு கிளம்பினாள். நான்தான் மறித்தேன். துரை என்னைக் கவனித்துக்கொண்டிருந்தார், வேலை போய்விடும் என்று பயந்தேன். இதைவிட நல்ல விதமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

பன்னிரண்டு அவுன்ஸ் தண்ணீரில் ஒரு பிள்ளை ஒரு நாள் முழுக்க எப்படிப் பால் குடிக்கும்? காளியாயி மலைக்குக் கொழுந்து எடுக்கப் போனபிறகு பிள்ளைக்காம்பராவில் ஆயா எல்லாப் பிள்ளைகளுக்கும் பீலித் தண்ணீரில்தான் கரைப்பாள். மற்றப் பிள்ளைகள் பழகிக்கொண்டன. சண்முகவடிவு பழகவே இல்லை. வாயை இறுக்க மூடிக்கொண்டு தலையைத் திருப்பிக்கொள்வாள் என்று ஆயா சொன்னாள். நாலாம் வாரம் வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொண்டது. புரட்டாசி பிறந்த அன்று, கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு ஓடிவந்து காளியாயி தூக்கியபோது பிள்ளையின் கழுத்து நிற்கவில்லை.

தண்ணீரால்தான் என்று நான் எழுதவில்லை. எழுத எனக்கு உரிமையும் இல்லை, எதிராக ஒரு அறிக்கை இருந்தது. 'வயிற்றுப்போக்கு, பலவீனம்' என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். குழி வெட்டிய இடத்தில் பழனியாண்டி தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதான். காளியாயி அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "அழுவாதப்பா, நம்ம என்ன செய்ய முடியும், எழுத்து அப்படி" என்று தேற்றினாள். பிள்ளையைப் பறிகொடுத்தவள் அவள். அவனைத் தேற்றியதும் அவளே. நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பத்து நாள் கழித்துப் பழனியாண்டி டிஸ்பென்சரிக்கு வந்தான். தாடி வளர்ந்திருந்தது. தப்பால் பையைக் கீழே வைத்தான்.

"ஐயா, கொழும்புக்கு இன்னொரு கடுதாசி எழுதுங்க. பாப்பா செத்ததையும் சேத்து எழுதுங்க. நான் கொண்டுபோறேன். மத்தப் புள்ளைங்களாச்சும் இருக்குல்ல."

"துரை கையெழுத்துப் போடமாட்டாரு பழனியாண்டி."

எதையோ பல நாளாக மனசில் போட்டு உருட்டிக்கொண்டிருந்தவன் போலத் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"ஒண்ணு கேக்குறேன், மறைக்காமச் சொல்லுங்க. நான் கொண்டுபோன தண்ணி அவங்களுக்குப் புடிக்கலையா? அதான் கடுதாசியப் படிக்காம விட்டுட்டாங்களா?"

அறிக்கை என் மேசை இழுப்பறையில் இருந்தது. அதில் இருந்த ஒவ்வொரு சொல்லும் எனக்கு மனப்பாடம். பங்களா ஊற்றுத் தண்ணீரைப் பற்றி அதைவிட உண்மையாக ஒருவரும் எழுதியிருக்க முடியாது.

"புடிச்சிச்சு பழனியாண்டி" என்றேன். "ரொம்பப் புடிச்சிச்சுன்னு எழுதியிருக்காங்க."

பிள்ளை செத்த பிறகு முதல் தடவையாக அவன் முகம் கொஞ்சம் தெளிந்தது. "அது போதுங்க" என்று சொல்லிவிட்டு, பையைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு இறங்கினான்.